சாமி படம் போட்ட காசும் 2,500 ரூபாய் கட்டணமும்

கேள்வி: ஈரோட்டில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன் ஐயா. வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த 10 ரூபாய் நாணயம் ஒன்று கல்லாவுக்கு வந்தது. 'மதச்சார்பற்ற நாட்டில் சாமி படம் போட்ட காசு செல்லாது, கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார்கள், அதனால்தான் இதற்குப் பத்து லட்சம் விலை' என்று ஒருவர் போனில் சொல்கிறார். பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய் கேட்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

வழக்கு நடந்தது உண்மைதான். இந்த நாணயத்தையும், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010-இல் வெளியான நாணயத்தையும் திரும்பப் பெற வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். 2018 ஜனவரியில் அது தள்ளுபடியாகிவிட்டது. தரகர் உங்களிடம் பாதிக் கதையோடு நிறுத்திக்கொண்டார்.

காசில் எதைப் பொறிப்பது என்பதை 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி மத்திய அரசு முடிவு செய்கிறது. மகாவீரருக்கும் அல்போன்சா அம்மைக்கும் அன்னை தெரசாவுக்கும் ஐந்து ரூபாய் நாணயங்கள் வந்திருக்கின்றன. அவ்வளவு ஏன், கல்லாவிலிருந்து ஒரு புதிய காசை எடுத்துச் சிங்க முகத்துக்குக் கீழே பாருங்கள். பொடி எழுத்தில் 'சத்யமேவ ஜயதே' என்றிருக்கும். அது முண்டக உபநிடத வாசகம். அதைச் சொல்லி யாராவது உங்களிடம் சில்லறை வாங்க மறுத்திருக்கிறார்களா?

பத்து ரூபாய் நாணயத்தில் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே அறிவித்துவிட்டது. ஆனாலும் வங்கிக் கவுண்டரில் ஒரு பை சில்லறையை வைத்துப் பாருங்கள், காசாளர் முகத்தைச் சுளிப்பார். சுற்றறிக்கை மும்பையிலிருந்து கிளம்பி உங்கள் கிளையின் மேசைக்கு எத்தனை வருடத்தில் வந்து சேரும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர் பிழைக்கிறார்.

இவர்களுடைய இன்னொரு சரக்கு, ராமர் பட்டாபிஷேகம் பொறித்த '1818 கிழக்கிந்தியக் கம்பெனி ஓரணா'. காந்தம்போல அரிசியை இழுக்கும் என்பார்கள், விலை கோடி என்பார்கள். கம்பெனி அப்படியொரு அணாவை அடிக்கவே இல்லை. அது கோயில் வாசலில் விற்கும், காசு மாதிரியான ஒரு வில்லை. அரிசி இழுப்பதாகக் காட்டுவது ஏமாற்று வித்தை.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் விஷயம் தெரிந்தவர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். கம்பெனிக் காசில் சாமியே கிடையாது என்று நான் சொல்லவில்லை. சென்னை ராஜதானியில் அவர்கள் அடித்த நட்சத்திர வராகன் என்ற காசில் ஒரு பக்கம் திருமால் நிற்பார். மறுபக்கம் மணல் தூவியதுபோலப் புள்ளிகளும் நடுவில் ஒரு நட்சத்திரமும் இருக்கும். மூன்று சுவாமி வராகன் என்ற இன்னொரு காசில் பெருமாள் இரண்டு தேவியரோடு இருப்பார். பக்தியால் அல்ல, இங்குள்ள வியாபாரி அந்த உருவத்தைப் பார்த்தால்தான் காசை நம்பி வாங்கினான் என்பதால் அப்படி அடித்தார்கள். அவை தங்கம், விரல்நுனி அளவு, மூன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. செம்பு ஓரணாவுக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வீட்டுப் பெட்டியில் அப்படி ஏதாவது இருந்தால் முதலில் நகைக்கடைத் தராசில் வையுங்கள், பிறகு பேசலாம்.

சாமி படம் காசில் இருக்கலாமா என்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்பேன். மதச்சார்பின்மை பற்றி வழக்கறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும். ஒவ்வொரு சாமிக் காசும் வெளிவந்தவுடன் அதை வைத்துப் பத்துத் தரகர்கள் முளைக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

உங்கள் நாணயத்துக்குச் சேகரிப்பாளர்களிடம் முகமதிப்புக்கு மேல் கொஞ்சம் கிடைக்கலாம், லட்சம் கிடைக்காது. பழைய காசு வாங்க விற்க நாங்கள் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. எனவே அவர் அந்த வங்கியின் முத்திரை போட்ட கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் நம்பாதீர்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் இன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். காசைப் பூஜை அறையில் வைப்பதோ பால் பாக்கெட் வாங்குவதோ உங்கள் விருப்பம்.