பிரசவக் கவனிப்புக்கு வளையலை அடகு வைக்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். இன்னும் இரண்டு மாதத்தில் எனக்கு முதல் பிரசவம், அரசு மருத்துவமனையில்தான். எனக்கு அம்மா இல்லை. மாமியாருக்கு முழங்கால் வலி. 45 நாள் வீட்டோடு தங்கித் தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளப் புதுச்சேரி ஏஜென்சி ஒன்று 75,000 ரூபாய் கேட்கிறது. கையில் இருப்பது 60,000. வளையலை அடகு வைக்கலாமா? தனியார் கம்பெனியில் என் சம்பளம் 24,000.

பதில்: அம்மா இல்லாமல் பிள்ளை பெறும்போது மனம் எப்படித் தவிக்கும் என்று புரிகிறது, சகோதரி. ஆள் வைப்பது ஆடம்பரம் இல்லை, தாராளமாகச் செலவு செய்யுங்கள். ஆனால் வளையல் பீரோவிலேயே இருக்கட்டும்.

நாளுக்கு 1,667 ரூபாய் ஆகிறது. அவ்வளவு கொடுத்து ஆள் வைக்க வேண்டியது முதல் இரண்டு வாரம்தான். எழுந்து உட்காரவே ஒருவர் கை கொடுக்க வேண்டும், மார்பில் பால் கட்டிக்கொள்ளும், பிள்ளை இரவெல்லாம் விழிக்கும். சிசேரியன் என்றால் இன்னும் சிரமம். அப்புறம் காலையில் மூன்று மணி நேரம் ஒருவர் வந்து போனால் போதும்: பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட, உங்களுக்கு வெந்நீர் வைக்க, பூண்டுக் குழம்பு வைக்க, முதுநகரில் பால்சுறா கிடைத்த அன்று புட்டு செய்து தர. இரவு முறையை வீட்டுக்காரர் ஏற்கட்டும்.

எனவே ஏஜென்சியிடம் 15 நாளுக்கு மட்டும் பேசுங்கள். கணக்குப்படி 25,000, கொஞ்சம் கூட்டிக் கேட்பார்கள், 28,000 வரை போகலாம். மிச்ச 30 நாளுக்கு, உங்கள் பக்கத்திலேயே பிள்ளை குளிப்பாட்டும் அம்மா ஒருவருக்கு நாளுக்கு 500 வைத்தால் 15,000. மீதி 17,000-ஐ அவசரத்துக்கு வையுங்கள். ரத்தப்போக்கு அதிகமானாலோ, காய்ச்சலோ கண் மங்கும் தலைவலியோ வந்தாலோ யார் சொல்லும் கஷாயத்தையும் நம்பி உட்கார வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சம்பளத்தையும் விட்டுவிடாதீர்கள். பத்துப் பேராவது வேலை செய்யும் கம்பெனி, பிரசவத்துக்குக் குறித்த தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் நீங்கள் 80 நாள் வேலை பார்த்திருக்கிறீர்கள் என்றால், 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு முன் 8 வாரம் வரை எடுக்கலாம். அந்த வாரங்களுக்கான பணத்தை முன்கூட்டியே தர வேண்டும். மீதியைப் பிரசவச் சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கம்பெனி இலவச மருத்துவ வசதி தராவிட்டால் மருத்துவ போனஸ் 3,500 தனி. இதையெல்லாம் எச்.ஆரிடம் இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று. ஏஜென்சிக்கு மொத்தப் பணத்தையும் முதல் நாளே கொடுக்காதீர்கள். வாரக் கணக்கில் கொடுங்கள். வந்தவர் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் ஆளை மாற்றச் சொல்லலாம்.