கச்சானிலும் வாடையிலும் வரைகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சொந்தமாக வரைந்து விற்கிறேன். தனுஷ்கோடி தேவாலயம், பாம்பன் பாலம், மறுபடியும் தேவாலயம். சுற்றுலா வருகிறவர்கள் கேட்பது அதைத்தான். மூன்று மாதமாகப் பிரஷைத் தொடவே மனம் வரவில்லை. என் கை எது என்பதே மறந்துவிட்டது.
– ராமேசுவரம் வாசகர்

பதில்: தேவாலயப் படத்தை நிறுத்த வேண்டாம். வீட்டுக்கு அரிசி வாங்கித் தருகிற படம் அது. மாதத்துக்கு இத்தனை என்று ஓர் எண் வைத்து, அதற்கென்று ஒதுக்கிய நாட்களில் முடித்துவிடுங்கள்.

மற்ற நாட்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். 10 × 15 செ.மீ. அளவில் இருபது அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரே இடம், ஒரே நேரம், ஓர் அட்டைக்கு 25 நிமிடம். நிறம் மூன்றுதான்: அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்). முதல் இரண்டையும் கலந்தாலே மழை மேகத்திலிருந்து நனைந்த படகுப் பலகைவரை எல்லாச் சாம்பலும் கிடைத்துவிடும். ஆழம் குறைந்த கடலின் பச்சை நீலம் மட்டும் இதில் வராது. அதற்குத் தாலோ நீலம் வேண்டும். பத்தாவது அட்டைக்குப் பிறகு சேருங்கள். பிரஷ் நுனியில் ஒரு பொட்டு போதும், கொஞ்சம் கூடினாலும் மற்ற நிறங்களை விழுங்கிவிடும்.

இடம் எது என்றால், நாங்கள் மண்டபத்தைச் சொல்வோம். சைக்கிள் இருந்தால் ஒரே காலையில் வடகடலையும் (பாக் விரிகுடா) தென்கடலையும் (மன்னார் வளைகுடா) பார்த்துவிடலாம். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கிற மாதங்களில் தென்கடல் கலங்கிப் புரளும், வடகடல் குளம்போல் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வடகிழக்குக் காற்றான வாடை திரும்பினால் நிலைமை தலைகீழ். இந்த வசதி எல்லாக் கரைக்காரர்களுக்கும் வாய்க்காது.

ஏழாவது எட்டாவது அட்டையில் சலிப்பு தட்டும். பலர் அங்கேதான் இடத்தை மாற்றுகிறார்கள். மாற்றாதீர்கள். ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்ததெல்லாம் ஆறு அட்டைக்குள் தீர்ந்துபோயிருக்கும். கண் இனிமேல்தான் வேலைக்கு வரும். நங்கூரம் போட்ட வல்லத்தை (மீன்பிடிப் படகு) கவனியுங்கள். அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, காற்றுக்குக் காட்டித்தான் நிற்கும். கச்சானில் வரிசை முழுக்கத் தென்மேற்கு பார்க்கும், வாடையில் வடகிழக்கு. கொடி பின்பக்கமாகப் பறக்கும். பாம்பன் கால்வாயில் நீரோட்டம் இழுக்கும்போது மட்டும் இந்தக் கணக்கு மாறும். நாலு புகைப்படங்களை ஒட்டி வரைந்த படத்தில் படகு ஒரு திசை, கொடி ஒரு திசை, அலை ஒரு திசை என்று இருக்கும். கடலுக்குப் போகிறவர் ஒருவரிடம் காட்டினால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். அதனால் இருபதும் முடிந்ததும் முதலில் அவரிடமே காட்டுங்கள். ‘நல்லாயிருக்கு’ என்ற சொல்லை விட்டுவிட்டு, எந்த அட்டையில் அவர் விரல் நிற்கிறது என்று பாருங்கள்.

படகைப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நல்ல சமயம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். பழுது பார்க்கக் கரையேற்றியதில், மற்ற நாளில் தண்ணீருக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியின் வளைவு முழுதாகத் தெரியும்.

கேள்வி: விலை கொடுத்து வாங்கிய 300 ஜிஎஸ்எம் காட்டன் பேப்பரில் வாஷ் (நீர்த்த நிறப் பூச்சு) போட்டால் திட்டுத் திட்டாக ஊறுகிறது. நிறம் காய்ந்த பிறகும் தாள் பிசுபிசுக்கிறது.
– தொண்டி வாசகி

பதில்: இரண்டு தனித்தனிக் கோளாறுகள். திட்டு விழக் காரணம், தாளின் பசைப்பூச்சு ஈரக்காற்றில் கெட்டிருப்பது. ஓரத்தில் வெறும் தண்ணீரைப் பிரஷால் இழுத்துப் பாருங்கள். சில நொடியாவது மேலே பளபளத்து நின்றால் தாள் நன்றாக இருக்கிறது. தொட்டதும் கறுத்து உள்ளே போனால் பூச்சு போய்விட்டது. தூக்கி எறிய வேண்டாம், கரிக்கோலுக்கும் அக்ரிலிக்குக்கும் ஆகும்.

பிசுபிசுப்புக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர். நம் கரையோரக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அந்த உப்பு தாளில் தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வரையவும் பிரஷ் கழுவவும் கேன் தண்ணீரையே வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்கூடச் செலவாகாது.

புதுத் தாளை வாங்கிய உறையோடு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையுடன் போட்டு, தரையிலும் வெளிச்சுவரிலும் படாமல் வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள். ஃபிரேம் போடும்போது கண்ணாடி படத்தில் ஒட்டக் கூடாது. நடுவில் மவுண்ட் அட்டை வேண்டும். கீழ் மூலைகள் இரண்டிலும் பின்னால் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். இரும்பு ஆணி வேண்டாம், பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

இன்னொன்று: நேர் வெயிலில் தாளை விரித்து வரையாதீர்கள். வெள்ளை கண்ணைக் கூசவைக்கும், கை தானாக நிறத்தை அடர்த்தியாக்கும், வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும்.

கேள்வி: கரையில் ஒதுங்கும் பவளத் துண்டு, கடல் விசிறி எல்லாம் வைத்து ரெசின் ஆர்ட் செய்யலாமா?
– கீழக்கரை வாசகி

பதில்: கூடாது. இரண்டும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை. கடல் குதிரையும் அப்படித்தான். செத்து ஒதுங்கியது என்பது சமாதானம் ஆகாது. சில சங்கு வகைகளும் பட்டியலில் உண்டு. பெயர் தெரியாததை எடுக்காதீர்கள். சமையலில் மிஞ்சும் மட்டிச் சிப்பியே போதும். நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, ஒரு வாரம் நிழலில் காயவையுங்கள். ஆசிட் ஊற்றினால் சிப்பியே கரையும். ஈரம் மிச்சமிருந்தால் ரெசினில் குமிழி வரும். மழை நாளில் ஊற்றினால் மேலே பால் படிந்ததுபோல் வெளுக்கும்.

கேள்வி: கடையில் வைத்து விற்றால் கையில் எதுவும் நிற்பதில்லை. விலை எப்படிப் போடுவது?
– ராமநாதபுரம் வாசகர்

பதில்: கணக்கில் ஒரு வழுக்கல் இருக்கிறது. உதாரணத்துக்கு தாள், நிறம் 200 ரூபாய், மவுண்டும் ஃபிரேமும் 900, ஏழு மணி நேரம் மணிக்கு 250 வீதம் 1,750. ஆக 2,850. கடைக்காரர் 40 சதவீதம் பிடிப்பார் என்றால் பலர் 2,850 மேல் 40 சதவீதம் ஏற்றி 3,990 என்று ஒட்டுகிறார்கள். அதில் கடை எடுத்தது போக வருவது 2,394, கைநஷ்டம். 2,850ஐ 0.6ஆல் வகுங்கள்: 4,750. இந்த விலைக்குப் போகாது என்று தோன்றினால் படத்தின் அளவைக் குறையுங்கள், மணிக்கூலியைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒருவரின் அரிச்சல்முனைப் புகைப்படத்தை வரைந்து விற்றேன். அவர் சண்டைக்கு வருகிறார். தப்பா?
– மண்டபம் வாசகர்

பதில்: தப்புதான். புகைப்படத்துக்கும் பதிப்புரிமை உண்டு. அனுமதி கேட்டிருக்க வேண்டும். அரிச்சல்முனைக்கு உங்கள் ஊரிலிருந்தே பஸ் பிடித்துப் போய்விடலாமே!

இதோடு சேர்த்து இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டபடி வரைந்து கொடுத்தால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை வரையச் சொன்னவருக்கே போகும். அந்தப் படத்தைப் பின்னால் பிரின்ட் போட்டு விற்க நினைத்தால், முன்பணம் வாங்கும்போதே ‘பதிப்புரிமை ஓவியருக்கு’ என்று ரசீதில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.