பல் கூச்சம்: பேஸ்ட் கேட்டதா, தடைக்காலம் கேட்டதா?

கேள்வி: என் வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். இரண்டு வருஷமாகக் கீழ்ப்பல் மூன்று கூசுகிறது, ஐஸ் தண்ணீர் பட்டால் துடித்துவிடுவார். இந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய அன்று, பல் கூச்சத்துக்கென்றே விற்கிற பேஸ்ட் வாங்கிக் கொடுத்தேன். விலை அதிகம்தான். ஒரு மாதத்தில் நன்றாகக் குறைந்தது. தடை முடிந்து கடலுக்குப் போனார், பத்தே நாளில் பழையபடி ஆகிவிட்டது. பேஸ்ட்டை மாற்றவில்லை. என் கொழுந்தன் “அதெல்லாம் விளம்பரம், உப்பும் கரியும் வைத்துத் தேய்” என்கிறார். இந்த பேஸ்ட் உண்மையிலேயே வேலை செய்கிறதா?
வாசகி, தங்கச்சிமடம்

பதில்: முதலில் அந்தக் கரியைத் தொடவிடாதீர்கள். ஈறு இறங்கி வெளியே தெரிகிற வேர்ப்பகுதி ஏற்கெனவே மெலிசு, அதில் கரியையும் உப்பையும் போட்டு அரக்கினால் இன்னும் தேயும், கூச்சம் கூடும்.

இனி உங்கள் கேள்வி. பேஸ்ட் தொடங்கிய அதே நாளில் அவருடைய வாழ்க்கையே மாறிவிட்டது, கவனித்தீர்களா? ஏப்ரல் 15 முதல் 61 நாள் வீட்டில் இருந்தார். ராத்திரி தூங்கினார், காலையிலும் படுக்கும் முன்னும் நிதானமாகப் பல் தேய்த்திருப்பார், படகில் சுடச்சுட டீ குடித்த வாயோடு ஐஸ் தண்ணீர் குடிப்பது நின்றிருக்கும், வெற்றிலை புகையிலை பழக்கம் இருந்தால் அதுவும் கொஞ்சம் குறைந்திருக்கும். இத்தனையும் ஒன்றாக மாறும்போது குறைந்த கூச்சத்தை பேஸ்ட் கணக்கில் மட்டும் எழுத முடியாது. திரும்ப வந்ததற்காக பேஸ்ட்டைத் திட்டவும் முடியாது. கடலுக்குப் போகும்போது அந்த டியூபை எடுத்துப் போகிறாரா என்று கேட்டீர்களா?

பேஸ்ட் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் என்ற அடுக்கு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள், ஒரு சதுர மில்லிமீட்டரிலேயே பல ஆயிரம் இருக்கும். ஈறு இறங்கியோ எனாமல் தேய்ந்தோ அவை திறந்துகொண்டால், குளிர்ச்சியோ காற்றோ பட்டதும் உள்ளே இருக்கும் திரவம் அசைகிறது, அந்த அசைவு நரம்பைச் சுண்டுகிறது. இந்த விளக்கத்தை நிலைநாட்டியவர் ஸ்வீடனைச் சேர்ந்த பிரான்ஸ்ட்ரோம். ஆகவே வழி இரண்டுதான்: நரம்பை அடக்கலாம், குழாயை அடைக்கலாம். பொட்டாசியம் நைட்ரேட், அதாவது நம் ஊர் வெடியுப்பு, நரம்பை அடக்குகிற வகை. பல பேஸ்ட்டுகளில் 5 சதவீதம் இருக்கும், பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு எட்டு வாரம்கூட ஆகும். ஸ்டேனஸ் ஃப்ளோரைடு, ஆர்ஜினின் போன்றவை குழாயை அடைக்கிற வகை. டியூபின் பின்பக்கம் எது போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இதை ஆராய்ச்சியில் எப்படிச் சோதிக்கிறார்கள் என்பது உங்களுக்கு உதவும். கூசுகிற பல்லில் ஒரு நொடி காற்றை அடித்துப் பார்ப்பார்கள், அளந்த அழுத்தத்தில் ஊசி போன்ற கருவியால் தொட்டுப் பார்ப்பார்கள். பாதிப் பேருக்கு மருந்துள்ள பேஸ்ட், மீதிப் பேருக்கு சாதாரண பேஸ்ட். யாருக்கு எது என்று தேய்ப்பவருக்கும் தெரியாது, சோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது. இதில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம், சாதாரண பேஸ்ட் தேய்த்தவர்களுக்கும் கூச்சம் கணிசமாகக் குறைகிறது! கூச்சம் உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் சோதனைக்கு வருகிறார், அது தானாகவும் தணியும். யாரோ கவனிக்கிறார்கள் என்றதும் ஒழுங்காகத் தேய்க்கவும் செய்கிறார். பொட்டாசியம் பேஸ்ட்டுகளைப் பற்றி 2006-ல் காக்ரேன் என்ற, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வில் தேறியவை 6 ஆய்வுகள்தான். காற்றுச் சோதனையிலும் தொடு சோதனையிலும் குறைவு தெரிந்தது, ஆனால் வீட்டில் எப்படி இருக்கிறது என்று நோயாளிகள் தாங்களே சொன்னதில் தெளிவான வித்தியாசம் இல்லை, அதனால் ஆதாரம் வலுவாக இல்லை என்று முடித்தார்கள். பின்னால் வந்த தொகுப்பாய்வுகள் பொட்டாசியம், ஸ்டேனஸ் ஃப்ளோரைடு, ஆர்ஜினின் மூன்றுக்கும் சாதகமாகவே சொல்கின்றன, பழைய கூச்ச பேஸ்ட்டுகளில் சேர்த்த ஸ்ட்ரான்சியம் என்ற உப்புக்கு அவ்வளவு ஆதாரம் இல்லை. என் கருத்து: வேலை செய்கிறது, ஆனால் விளம்பரத்தில் காட்டுகிற வேகத்தில் இல்லை.

சரி, வீட்டிலேயே பாருங்கள். இரண்டு வாரம் சாதாரண ஃப்ளோரைடு பேஸ்ட். கடலுக்குப் போகாத ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, வாராவாரம் அதே பல், அதே ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஒரு வாய். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு கூசுகிறது என்று அவர் சொல்வதைக் காலண்டரில் எழுதுங்கள், போன வாரம் சொன்ன எண்ணைக் காட்டாதீர்கள். அப்புறம் எட்டு வாரம் கூச்ச பேஸ்ட், தினம் இரண்டு வேளை, படகிலும் சேர்த்து. சாப்பாடு, டீ, வெற்றிலை எதையும் இந்தச் சமயத்தில் மாற்ற வேண்டாம். முடிந்தால் பிறகு ஒரு மாதம் சாதாரண பேஸ்ட்டுக்குத் திரும்புங்கள், எண் மறுபடி ஏறினால் பேஸ்ட் கேட்டிருக்கிறது என்று நம்பலாம்.

ஆனால் குளிர்ச்சி போன பிறகும் வலி போகாமல் நீடித்தாலோ, சூடு பட்டு வலித்தாலோ, ராத்திரி எழுப்பினாலோ, ஒரே ஒரு பல் கடிக்கும்போது சுரீரென்றாலோ இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். அது சொத்தையாகவோ விரிசலாகவோ இருக்கலாம், பல் டாக்டரிடம் உடனே கூட்டிப்போங்கள். பேஸ்ட் அதை மறைத்துவைத்தால் பல்லே போய்விடும்.

கேள்வி: நோன்பு மாதத்தில் பகலில் மிஸ்வாக் குச்சி மட்டும்தான். கூச்ச பேஸ்ட் விட்டுப்போகுமே, பலன் போய்விடாதா?
வாசகர், கீழக்கரை

பதில்: போகாது. விடியலுக்கு முந்தைய சஹர் நேரம் முடியும் முன் ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை, தேவையான இரண்டு வேளை வந்துவிட்டது. தேய்த்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீரை நிறைய விட்டுக் கொப்பளித்தால் மருந்தும் போய்விடும். நோன்பு திறக்கும்போது எலுமிச்சை சர்பத் குடித்தால் உடனே பிரஷ் வேண்டாம், புளிப்பில் இளகிய எனாமல் தேயும், அரை மணி நேரமாவது போகட்டும். மிஸ்வாக்கை நுனி நன்றாக ஊறி மென்மையான பிறகு, ஈறை அழுத்தாமல் தேயுங்கள்.