மிச்சமான நேரம் யாருக்குப் போனது?

கேள்வி: தொழிற்புரட்சியைக் குறை சொல்லியே எழுதுகிறீர்கள். இயந்திரங்கள் வந்ததால்தானே மனிதனுக்கு நேரம் மிச்சமானது? (வாசகர், கரூர்)

பதில்: 'மிச்சம்' என்கிறீர்களே, அந்தச் சொல்லை விடமாட்டேன். மிச்சமானது யாரோ ஒருவர் கைக்குப் போயிருக்க வேண்டும். யார் கைக்கு?

ராட்டையில் ஒரே நேரத்தில் ஒரு நூல்தான் வரும். 1760-களில் இங்கிலாந்தின் லங்காஷயரில் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் செய்த 'ஜென்னி' என்ற நூற்பு இயந்திரத்தில் எட்டு நூல். கணக்குப்படி, நூற்கிற பெண் எட்டில் ஒரு பங்கு நேரத்தில் வேலையை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம். எழ விட்டார்களா? 1771-ல் ஆர்க்ரைட் என்ற தொழிலதிபர், அதே நாட்டின் குரோம்ஃபோர்டில் தண்ணீர் விசையில் ஓடும் நூற்பாலையைத் தொடங்கினார். அது இரவு பகலாக ஓடியது. சக்கரம் நிற்காதபோது ஆள் எப்படி உட்காருவது?

1832-ல் மைக்கேல் சாட்லர் தலைமையில் கூடிய பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் சாமுவேல் கூல்சன் என்ற தகப்பன் சாட்சி சொன்னார். வேலை மும்முரமாக இருந்த ஆறு வாரம், அவருடைய பெண் பிள்ளைகள் விடியற்காலை 3 மணிக்கு ஆலைக்குப் போய் இரவு 10 மணி வரை நின்றார்கள். ஐந்து நிமிடம் பிந்தினால் கூலியில் கால் பங்கு பிடித்தம். அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. ஹார்கிரீவ்ஸ், ஆர்க்ரைட், நீராவி இயந்திரத்து ஜேம்ஸ் வாட் என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைக்கும் பாடப் புத்தகத்தில் கூல்சனின் மகள்களுக்கும் ஒரு பத்தி கொடுங்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை முறை கேட்டுவிட்டேன்!

ஜவுளி ஆலைப் பெண்களுக்கும் 13 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கும் நாளுக்குப் 10 மணி நேரம்தான் வேலை என்ற சட்டம் 1847-ல் வந்தது. பல ஆண்டு கூட்டம் போட்டு, மனுக் கொடுத்து, போராடி வாங்கியது அது. நீங்கள் சொல்லும் மிச்சத்தில் தொழிலாளிக்குக் கிடைத்த பங்கு அப்படி வந்ததுதான், இயந்திரம் தானாக நீட்டியதல்ல.

கடிகாரப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிரிஸ்டல் நகரின் சூரிய நேரம் லண்டனுக்குச் சுமார் 10 நிமிடம் பிந்தியது. ரயில் வந்ததும் லண்டன் நேரமும் கூடவே வந்தது. ஊர் 1852 வரை ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே கார்ன் தெருவில் எக்ஸ்சேஞ்ச் கட்டடக் கடிகாரத்துக்கு நிமிட முள் இரண்டு: ஒன்று லண்டனுக்கு, ஒன்று ஊருக்கு. இரண்டும் இன்றும் அதில் இருக்கின்றன. அந்த ஊருக்குப் போக வாய்த்தால் முதலில் அதன் கீழே போய் நிற்பேன்.