வானத்திலிருந்து வந்த வம்பு: வாசகர் கேள்வி–பதில்

வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்குள் நுழையும் பழைய பிரிட்டிஷ் படங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

குவாட்டர்மாஸ் படங்கள் மூன்று இருக்கின்றன. எதில் தொடங்குவது?
— வாசகர், திருமங்கலம்

குவாட்டர்மாஸ் என்ற விஞ்ஞானியை நாயகனாகக் கொண்ட இந்த மூன்றும் பிரிட்டனின் ஹேமர் நிறுவனத்தின் தயாரிப்பு. 1955, 1957, 1967 ஆகிய ஆண்டுகளில் வந்தவை. நைஜல் நீல் பிபிசிக்கு எழுதிய தொலைக்காட்சித் தொடர்கள்தான் மூலம். ஒன்றின் கதை அடுத்ததில் தொடராது என்பதால் தயங்காமல் மூன்றாவதான 'குவாட்டர்மாஸ் அண்ட் தி பிட்'டில் தொடங்குங்கள். லண்டனில் சுரங்க ரயிலுக்கு மண் வெட்டும்போது மண்டை ஓடுகள் கிடைக்கின்றன. அதன் பிறகு ஒரு கலம். செவ்வாய்க்காரர்கள் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டார்கள், அவர்கள் விட்டுப்போனது நம் மூளையிலேயே இருக்கிறது என்று கதை போகும். கீழடிக் குழிகளைப் பார்த்துவிட்டு வந்த கையோடு பார்த்தால் தனி ருசி. கலர் படம் இது ஒன்றுதான்.

முதல் படத்தை ரிச்சர்ட் வேர்ட்ஸ்வொர்த்துக்காகப் பாருங்கள். ராக்கெட்டில் போன மூவரில் திரும்பி வருவது அவர் மட்டும். வசனம் அநேகமாகக் கிடையாது, முகத்தாலேயே பயமுறுத்துகிறார்.

குவாட்டர்மாஸ் முதல் கதையில் வரும் ராட்சசனை எப்படிச் செய்தார்கள்?
— கல்லூரி மாணவி, தல்லாகுளம்

1953 தொலைக்காட்சித் தொடர் நேரலை. கையில் காசும் இல்லை. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலய உட்புறத்தின் புகைப்படத்தைப் பெரிதாக்கி, அதில் ஓட்டை போட்டு, தழையும் தோலும் ஒட்டிய கையுறைகளுக்குள் கதாசிரியரே தன் கைகளை விட்டு ஆட்டினார். படத்தில் ரப்பரோடு மாட்டு இரைப்பையும் சேர்ந்தது. ஈரப் பளபளப்பும் மடிப்பும் அதில் தானாகவே கிடைக்கும். குடல் கழுவிப் பழகிய மதுரைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

'வில்லேஜ் ஆஃப் தி டேம்ட்' குழந்தைகளின் கண் ஒளிர்வதைச் செல்போனில் எடுத்த குறும்படத்தில் கொண்டுவர முடியுமா?
— குறும்படக்காரர், மேலூர்

முடியும். 1960-இல் வுல்ஃப் ரில்லா இயக்கிய இந்தப் படத்துக்கு மூலம் ஜான் விண்டமின் நாவல். குழந்தையின் கருவிழி மேல் அதே கண்ணின் நெகட்டிவ் பிம்பத்தைப் பொருத்தினார்கள், அவ்வளவுதான். பெரும்பாலும் உறைந்த ஃபிரேம்களில் செய்ததால் அந்த நேரத்தில் குழந்தை அசையாது. அந்த அசைவின்மைதான் பாதி பயம்.

போனை ஸ்டாண்டில் பூட்டுங்கள். எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். முகம் அருகில் வரும் ஷாட் எடுத்து, நல்ல ஒரு ஃபிரேமை 1 அல்லது 2 விநாடிக்கு உறைய வையுங்கள். அதன் நகலைக் கறுப்பு வெள்ளையாக்கி, நிறத்தைத் தலைகீழாக்கி, மேல் அடுக்கில் வையுங்கள். கருவிழி மட்டும் தெரியும்படி வட்ட மாஸ்க் போட்டு, விளிம்பை 2, 3 பிக்சல் மங்கலாக்குங்கள். நம் பிள்ளைகளின் கரிய விழி நெகட்டிவில் நன்றாக வெளுக்கும். அந்த வகையில் நமக்கு லாபம்.

கெடுவது இரண்டு இடத்தில். மாஸ்க் பெரிதாகி வெண்விழியைத் தொட்டால் அங்கே கறுப்பு வளையம் விழும். ரிங் லைட் போட்டால் விழியில் தெரியும் வெளிச்சப் புள்ளி, தலைகீழாகும்போது கறுப்புப் பொட்டாகிவிடும். ஜன்னல் வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து வாங்குங்கள்.

குவாட்டர்மாஸ் முதல் படம் 82 நிமிடம் என்கிறார்கள். என்னிடம் உள்ள டிவிடியில் 78 நிமிடம்தான். வெட்டிவிட்டார்களா?
— வாசகர், வில்லாபுரம்

அவசரப்பட வேண்டாம். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடியில் அதையே 25 ஆக ஓட்டுவார்கள். 82-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் 78 நிமிடம் 43 விநாடி வரும். எதுவும் போகவில்லை, குரல்கள் 4 சதவீதம் கீச்சென்று கேட்கும், அவ்வளவே. வம்பு என்னவென்றால் அமெரிக்காவில் வெட்டி வெளியிட்ட பிரதியும் ஏறக்குறைய 78 நிமிடம். தலைப்பு அட்டையைப் பாருங்கள்: 'தி கிரீப்பிங் அன்னோன்' என்று இருந்தால் அது வெட்டுப்பட்டது.

ப்ளூரே வாங்குபவர்கள் கவனிக்க: பிரிட்டிஷ் தட்டுகள் பெரும்பாலும் பி மண்டலத்து பிளேயரில்தான் ஓடும், இந்தியா சி மண்டலம். எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் இல்லாவிட்டால் காசு வீண்.

மொட்டை மாடியில் புரொஜெக்டரில் போட்டால் இருட்டுக் காட்சிகள் சாம்பல் நிறமாகத் தெரிகின்றன. ஏன்?
— வாசகர், வாடிப்பட்டி

திரைக்கு வேட்டி கட்டினீர்களா? ஒற்றை வேட்டி என்றால் வெளிச்சத்தில் ஒரு பங்கு பின்னால் போய்விடும். பின்னால் கறுப்புத் துணி கட்டுங்கள். பின்பக்கத் தெருவிளக்கும் மறையும். 8 அடி அகலம், 4.8 அடி உயரம் என்றால் 38 சதுர அடி. அதற்கு ஏறத்தாழ 500 ஆன்சி (ANSI) லூமன், அதாவது தர முறைப்படி அளந்த வெளிச்சம், வேண்டும். மலிவுப் பெட்டிகளில் அச்சடித்திருக்கும் ஆயிரக்கணக்கான லூமனை நம்பாதீர்கள். ஆன்சி என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் திரையை 6 அடி அகலமாகச் சுருக்குங்கள். பரப்பு பாதிக்குச் சற்றே மேல்தான் வரும், படம் தெளிந்துவிடும். இரவு ஏழேகாலுக்கு முன் தொடங்க வேண்டாம்.

1953-இல் வந்த 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' பிரிட்டிஷ் படமா?
— வாசகர், சோழவந்தான்

இல்லை, அமெரிக்கப் படம். ஹெச். ஜி. வெல்ஸின் 1898 நாவலில் செவ்வாய்க்காரர்கள் இங்கிலாந்தில் இறங்குவார்கள். படம் அதைக் கலிஃபோர்னியாவுக்கு மாற்றிவிட்டது.

'டே ஆஃப் தி டிரிஃபிட்ஸ்' படத்தின் முடிவில் கடல்நீர் பட்டு டிரிஃபிட் என்ற கொலைகாரச் செடிகள் கரைகின்றன. எங்கள் சீமைக் கருவேலத்துக்கு உப்பு ஊற்றினால்?
— விவசாயி, உசிலம்பட்டி

ஊற்றவே ஊற்றாதீர்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அது வேரிலிருந்து நீரை வெளியே இழுப்பதால் சாதாரணச் செடி வாடும். படத்தில் காட்டுவதுபோல் கரையாது. சீமைக் கருவேலமோ உவர் நிலத்திலும் வளர்வது. மரம் நிற்கும், உங்கள் மண் போகும். வேரோடு பறிப்பதுதான் வழி. படத்துக்கு மூலமான விண்டமின் 1951 நாவலில் கடல்நீர் வைத்தியமே கிடையாது, படக்காரர்கள் சேர்த்தது. செடிகள் விண்கல்லோடு வந்தன என்பதும் படத்தின் கைவரிசையே. வானத்திலிருந்து வராமலே கண்மாயை மூடிக் கிடக்கும் செடிக்கு நாம் ஆகாயத் தாமரை என்று பெயர் வைத்ததை அவர்கள் அறிந்தால் பொறாமைப்படுவார்கள்.