அம்பயர் கத்தியதும் பந்து செத்துவிடுமா? – சாஃப்ட்பால் கேள்வி பதில்

(பதில்கள் எல்லாம் ஃபாஸ்ட் பிட்ச், அதாவது பந்தை வேகமாக வீசும் வகை ஆட்டத்துக்கு. பந்து "செத்துவிட்டது" என்றால் ஆட்டம் அந்த இடத்தில் நின்றுவிட்டது என்று பொருள்.)

கே: ஒருவரும் அவுட் இல்லை. முதல், இரண்டாம் பேஸ்களில் எங்கள் ரன்னர்கள். பேட்டர் தூக்கி அடித்த பந்து ஷார்ட்ஸ்டாப்பின் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஃபீல்டர்) தலைக்கு நேராக இறங்கியது. அம்பயர் "இன்ஃபீல்ட் ஃபிளை, பேட்டர் அவுட்" என்றார். ஷார்ட்ஸ்டாப் பந்தைத் தவறவிட்டாள். இரண்டாம் பேஸ் ரன்னர் பதறிப்போய் மூன்றாவதுக்கு ஓட, வழியில் பந்தோடு தொட்டு (டேக் செய்து) அவளையும் அவுட் ஆக்கிவிட்டார்கள். ஒரே பந்தில் இரண்டு அவுட் தரலாமா?
– கல்லூரி வீராங்கனை, ஈரோடு

ப: தரலாம். அந்த அறிவிப்பு பேட்டரை மட்டும்தான் வெளியேற்றுகிறது. பந்து உயிரோடுதான் இருக்கிறது. ரன்னர் ஓடலாம், ஆனால் அது அவர் பாடு.

ஷார்ட்ஸ்டாப் வேண்டுமென்றே பந்தைக் கீழே விட்டு, பேட்டர் ஓடி வருவதால் பேஸை விட்டுக் கிளம்ப வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் இரண்டு ரன்னர்களையும் சுலபமாக அவுட் ஆக்கிவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி இது. பேட்டர் அவுட் ஆனதுமே அந்தக் கட்டாயம் போய்விடுகிறது. ஆகவே உங்கள் ரன்னர் ஓடியிருக்கவே வேண்டாம். இரண்டாம் பேஸில் நின்றிருந்தால் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. எதிரணிக்கும் இதே காரணத்தால் ஒரு பொறி உண்டு: பந்தோடு மூன்றாம் பேஸை மிதித்தால் மட்டும் போதாது, ரன்னரைத் தொட்டாக வேண்டும். பேஸை மிதித்துவிட்டுக் கைதட்டிக் கொண்டிருக்கும் நேரத்தில் ரன்னர் பத்திரமாக வந்து சேர்ந்துவிடுவார். பந்தைப் பிடித்துவிட்டாலோ கதை வேறு. ரன்னர் தன் பேஸைத் தொட்ட பிறகே கிளம்ப வேண்டும்.

இன்ஃபீல்ட் ஃபிளை கொடுக்க, இரண்டு அவுட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். முதல், இரண்டாம் பேஸ்களிலோ மூன்றிலுமோ ஆள் நிற்க வேண்டும். இன்ஃபீல்டர் (பேஸ்களை ஒட்டி நிற்கும் ஃபீல்டர்) ஒருவர் சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடிய உயரப் பந்தாக இருக்க வேண்டும். பன்ட் (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிவிடுவது) முயற்சியும், தாழ்வாகச் சீறிவரும் லைன் டிரைவும் இதில் சேராது. பந்து புல்வெளிப் பக்கம் போய்விட்டதே என்று வாதாடுபவர்கள் உண்டு. தரையில் எந்தக் கோடும் இதைத் தீர்மானிப்பதில்லை, ஃபீல்டரின் முயற்சிதான் தீர்மானிக்கிறது. கோட்டோரப் பந்துக்கு அம்பயர் "ஃபேர் ஆனால்" (பந்து எல்லைக் கோட்டுக்குள் இருந்தால்) என்று சேர்த்துச் சொல்வார். யாரும் தொடாமல் விழுந்து, முதல் அல்லது மூன்றாம் பேஸைத் தாண்டும் முன்பே கோட்டுக்கு வெளியே உருண்டு நின்றால் அது வெறும் ஃபவுல். பேட்டர் அவுட் இல்லை.

கே: முதல் பேஸில் வெள்ளை, ஆரஞ்சு என இரட்டை பேஸ். த்ரோ வருவதற்கு முன்பே எங்கள் பேட்டர் வெள்ளையை மிதித்துவிட்டாள். அம்பயர் "சேஃப்" என்றார். எதிரணி ஏதோ சொன்னதும் "அவுட்" என்று மாற்றிவிட்டார். இது என்ன நியாயம்?
– உடற்கல்வி ஆசிரியர், திண்டுக்கல்

ப: அவர் தீர்ப்பை மாற்றவில்லை. நடந்தவை இரண்டு தனித்தனித் தீர்ப்புகள். முதல் பேஸில் அவுட் செய்ய முயற்சி நடக்கும்போது பேட்டர், கோட்டுக்கு வெளியே இருக்கும் ஆரஞ்சுப் பகுதியைத்தான் தொட வேண்டும், வெள்ளை ஃபீல்டருக்கு. இருவரும் மோதிக் கணுக்கால் உடையாமல் இருக்கத்தான் இந்தப் பிரிவினை. வெள்ளையை மட்டும் மிதித்தால், பேஸையே தவறவிட்டதற்குச் சமம். ஆனால் எதிரணி முறையிட்டால்தான் அவுட். அம்பயர் தானாக வாய் திறக்க மாட்டார். பேட்டர் திரும்பி வந்து பேஸைத் தொடுவதற்குள் முறையிட்டுவிட வேண்டும். உங்கள் எதிரணி விழிப்பாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவுட்ஃபீல்டுக்கு அடித்து, முதல் பேஸில் அவுட் செய்ய யாரும் முயலாதபோது எந்தப் பகுதியையும் மிதிக்கலாம். ஓடிக் கடந்த பிறகு திரும்பி நிற்க வேண்டியது வெள்ளையில். அடுத்த பந்துக்கு ஆரஞ்சில் காலை வைத்துக்கொண்டு நிற்கும் பழக்கத்தைப் பயிற்சியிலேயே ஒழித்துவிடுங்கள். அடித்த பந்து வெள்ளையில் பட்டால் ஃபேர், ஆரஞ்சில் மட்டும் பட்டால் ஃபவுல்.

கே: ரன்னர் முதல் பேஸிலிருந்து நாலு அடி தள்ளி நின்று பிட்சரை (பந்து வீசுபவரை) பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைத் தொடவில்லை. அவுட்டாம்!
– வாசகர், கரூர்

ப: பிட்சர் பந்தோடு, தான் வீசும் இடத்தைச் சுற்றியுள்ள வட்டத்துக்குள் இருந்திருப்பார். அந்த வட்டத்தின் ஆரம் 2.44 மீட்டர். பந்து அங்கே போய்ச் சேர்ந்ததும், பேஸை விட்டு வெளியே இருக்கும் ரன்னர் உடனே முன்னேற வேண்டும் அல்லது திரும்ப வேண்டும். ஒருமுறை நிற்கலாம், நின்றதும் ஏதாவது ஒரு திசையில் நகர்ந்தாக வேண்டும். வேடிக்கை பார்த்தால் பந்து அங்கேயே செத்துவிடும், ரன்னர் அவுட். பிட்சர் யார்மீதாவது எறிவதுபோல் பாசாங்கு செய்தாலும் இந்தக் கட்டு தளர்ந்துவிடும். ஆகவே பிட்சர்களே, கையைச் சும்மா வைத்திருங்கள்.

கே: மூன்றாம் பேஸ் ஃபீல்டர் பந்து இல்லாமல் வழியை மறித்தார். அம்பயர் இடது கையை நீட்டினாரே தவிர ஆட்டத்தை நிறுத்தவில்லை. ஏன்?
– மாணவி, நாகர்கோவில்

ப: நீட்டிய கையில் விரல்கள் மூடியிருந்தனவா? அப்படியென்றால் "பார்த்துவிட்டேன், பிறகு தீர்க்கிறேன்" என்று பொருள். ஆட்டம் ஓடட்டும் என்று விட்டு, தடை இல்லாதிருந்தால் ரன்னர் எந்த பேஸை எட்டியிருப்பாரோ அதைக் கடைசியில் தருவார். மோதல் நடந்திருக்க வேண்டும் என்பதில்லை, ரன்னர் வேகத்தைக் குறைத்தாலே போதும். பந்துக்காகக் காத்திருந்தேன் என்ற சாக்கு செல்லாது. ஆனால் எட்டியிருக்கக்கூடிய பேஸையும் தாண்டி ரன்னர் ஓடினால் பாதுகாப்பு இல்லை.

கே: மூன்றாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) தவறவிட்டால் பேட்டர் எப்போதும் ஓடலாமா?
– வாசகி, சேலம்

ப: முதல் பேஸ் காலியாக இருக்க வேண்டும், அல்லது ஏற்கெனவே இரண்டு அவுட் ஆகியிருக்க வேண்டும். மற்றபடி பேட்டர் அவுட்தான். அவுட் ஆன பேட்டர் ஓடுவதைப் பார்த்துப் பதறி முதல் பேஸுக்கு எறிந்து, பந்து ரைட் ஃபீல்டுக்குப் போய்விட்டால் மற்ற ரன்னர்கள் தாராளமாக முன்னேறலாம். கேட்சர் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அவுட் எண்ணிக்கையையும் முதல் பேஸையும் பார்த்துக்கொள்வது நல்லது.

கே: எந்தத் தீர்ப்பை எதிர்த்துப் புகார் கொடுக்கலாம்?
– அணி மேலாளர், மதுரை

ப: பந்து முந்தியதா கால் முந்தியதா, ஸ்ட்ரைக்கா பாலா, ஃபேரா ஃபவுலா என்பதெல்லாம் அம்பயரின் கண் முடிவு, அதற்குப் புகார் இல்லை. விதியைத் தவறாகப் பயன்படுத்தினால் உண்டு. ஒரு அவுட் இருக்கும்போது, முதல் பேஸில் மட்டும் ஆள் நிற்க, இன்ஃபீல்ட் ஃபிளை கொடுத்தால் அது விதிப் பிழை. அடுத்த பந்து வீசப்படுவதற்குள் புகாரை அம்பயரிடம் சொல்லிவிட வேண்டும். எழுத்தில் கொடுக்கும்போது தேதி, நேரம், இடம், அம்பயர்கள் பெயர், எந்த விதிப் பிரிவு, அந்த நேரத்தில் எந்தெந்த பேஸில் ஆள், எத்தனை அவுட் என்று எழுதுங்கள். "அநியாயம்" என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை.