வீட்டு வாசலில் வேனைத் தூக்கி இன்ஜின் மாற்றலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாருதியின் ஆம்னி, ஈக்கோ வேன்கள் இரண்டிலும் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதைப் பெரும்பாலும் கீழ்ப்பக்கமாக இறக்கித்தான் எடுப்பார்கள். அதனால் வண்டியை நல்ல உயரத்துக்குத் தூக்கி, மணிக்கணக்கில் அப்படியே நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. பட்டறையில் அதற்கு லிஃப்ட் உண்டு. வீட்டுக்கே மெக்கானிக்கை வரவழைத்துச் செய்பவர்களுக்கு ஜாக்கியும் தரையும்தான் துணை. அப்படிச் செய்யப்போகிற வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன்.

ஐயா, நாங்கள் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம். வாசல் மண் தரை. ஈக்கோவின் முன்பக்கத்தைத் தூக்கினால் ஜாக்கி மண்ணில் இறங்குகிறது. அடியில் பலகை போட்டால் சரியாகிவிடுமா?

பலகை வேண்டும். ஆனால் என்ன பலகை, எந்த மாதத்து மண் என்பதையும் பார்க்க வேண்டும். கணக்கைக் கேளுங்கள். ஈக்கோவின் எடை 900 கிலோவுக்கு மேல். முன்பக்கம் பாதி என்று வைத்தால், ஜாக்கியால் தூக்கிய பிறகு வண்டியைத் தாங்க இருபுறமும் வைக்கும் இரும்பு ஸ்டாண்டுகள் ஒவ்வொன்றின் மேலும் 230 கிலோ போல உட்காரும். சாதாரண ஸ்டாண்டின் நாலு காலும் தரையைத் தொடும் இடம் மொத்தம் 20 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 11 கிலோவுக்கு மேல் அழுத்தம். நம் டெல்டாவின் இளகிய களிமண் பத்திரமாகத் தாங்குவது அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரைதான். ஜாக்கியோ ஸ்டாண்டோ இறங்காமல் என்ன செய்யும்?

அதே ஸ்டாண்டின் கீழ் 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் கனமான பலகை போட்டால் அழுத்தம் கால் கிலோ அளவுக்கு இறங்கிவிடும். பலகை 2 அங்குலக் கனமாவது இருக்கட்டும். மெல்லிய பிளைவுட் நடுவில் வளைந்து, எடை முழுவதும் கால்களுக்கு அடியிலேயே நிற்கும். போட்டதும் போடாததும் ஒன்றாகிவிடும்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். மேல்மண் காய்ந்து கெட்டியாகத் தெரியும். ஒரு சாண் ஆழத்தில் ஈரம் இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் மழையே இல்லாவிட்டாலும் வாசல் மண்ணில் ஊறல் இருக்கும். அப்போது ஸ்டாண்டின் நாலு கால்களில் ஒன்று மட்டும் இறங்கும். நாலும் சமமாக இறங்கினால் வண்டி தாழும், அவ்வளவுதான். ஒன்று மட்டும் இறங்கினால் சாயும்.

இன்னொன்று. டிராலி ஜாக்கி வண்டியைத் தூக்கும்போது அதன் சக்கரம் தானே கொஞ்சம் உருண்டு நகர வேண்டும், ஏனென்றால் அதன் கை வட்டமாகத்தான் மேலே ஏறுகிறது. சக்கரம் மண்ணில் புதைந்து நின்றுவிட்டால் ஜாக்கி நகராது, வண்டி பக்கவாட்டில் இழுபடும். ஜாக்கிக்கு அடியில் அது உருளும் அளவுக்கு நீளமான இரும்புத் தகடு போடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மண் தரையில் இந்த வேலையே வேண்டாம் என்பது என் முடிவு. உங்கள் ஊரில் சிமென்ட் போட்ட நெல் களம் இருக்குமே, அறுவடை இல்லாத நாட்களில் கேட்டுப் பாருங்கள். சமதளம், கெட்டியான தரை, காற்றோட்டம் மூன்றும் அங்கே கிடைக்கும்.

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் மெக்கானிக் வண்டியைத் தூக்கி ஹாலோ பிளாக் மேல் நிறுத்துகிறார். "இருபது வருஷமா இப்படித்தான்" என்கிறார். வீட்டில் பழைய ஆட்டுக்கல்லும் இருக்கிறது, அதை வைக்கலாமா?

இரண்டும் கூடாது. ஹாலோ பிளாக் சுவரில் எடையைப் பரவலாக வாங்கிக்கொள்ளும். இரும்பு விளிம்பு ஒரே இடத்தில் அழுத்தினால் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். செங்கலும் அப்படியே. மரக்கட்டையாவது நசுங்கும்போது முனகும், விலகச் சொல்லும். ஆட்டுக்கல் நொறுங்காது, ஆனால் கருங்கல்லின் மேல் இரும்பு வழுக்கும், அடியும் தட்டையாக இருக்காது.

ஜோடியாக விற்கும் 3 டன் ஸ்டாண்டுகள் இரண்டு ஜோடி வாங்குங்கள், அல்லது பட்டறையில் வாடகைக்குக் கேளுங்கள். உயரத்தைப் படிப்படியாகப் பிடிக்கும் பல்லோடு குறுக்கே ஊசியும் மாட்டுகிற வகை நல்லது. கிடைக்கவே இல்லை என்றால், ஒரே அளவில் அறுத்த கனமான மரக்கட்டைகளை வரிசைக்கு இரண்டாக, குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். அடுக்கின் உயரம் கட்டையின் நீளத்தைத் தாண்ட வேண்டாம்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். உள்ளே எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பது ஒரு ரப்பர் சீல். அது தேய்ந்திருந்தால் சத்தமில்லாமல் இறங்கும். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் தலையோ கையோ போகவே கூடாது. மெக்கானிக்கிடம் இதைச் சொல்லத் தயங்காதீர்கள். அடியில் படுக்கப்போகிறவர் அவர்தான்.

அண்ணா, தஞ்சாவூரில் நானும் நண்பனும் சேர்ந்து ஆம்னி இன்ஜினை இறக்கப் போகிறோம். கியரில் போட்டு ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துவிட்டால் வண்டி நகராதுதானே?

நகரும், தம்பி. ஆம்னியில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. கியரும் பின் சக்கரங்களோடுதான் சேர்ந்திருக்கிறது. பின்பக்கத்தை முழுசாகத் தூக்கிவிட்டால் இரண்டும் காற்றில். தரையில் நிற்கும் முன் சக்கரங்களைப் பிடிக்க எதுவும் இல்லை. இன்ஜினையோ, கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டையோ கழற்றிய பிறகு கியர் என்ற பேச்சே கிடையாது.

அதனால் தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் சரிவாக அறுத்த கட்டை வைத்து, சுத்தியலால் ஒரு தட்டு தட்டி இறுக்குங்கள். அரைச் செங்கல், உருண்டைக் கல் வேண்டாம். வாசல் தெருப்பக்கம் சரிவாக இருந்தால் அந்த இடமே வேண்டாம். ஒரு பக்கத்தை முழுசாகத் தூக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று ஸ்டாண்டின் பல்லை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்.

எவ்வளவு உயரம் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இன்ஜினின் உயரத்தையும் அதை வைத்து இழுக்கப்போகிற தள்ளுவண்டியின் உயரத்தையும் கூட்டி, மேலே ஒரு கை இடம் விட்டுக் கணக்குப் போடு. அதற்கு ஸ்டாண்டின் கடைசிப் பல் வரை போக வேண்டியிருந்தால், அகலமான அடியுள்ள உயரமான ஸ்டாண்டை வாடகைக்கு எடு. ஸ்டாண்டுக்கு அடியில் கட்டை அடுக்கி உயரம் கூட்டாதே. நிறுத்திய பிறகு, அடியில் போகும் முன், வெளியே நின்று இரண்டு கையாலும் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிப் பார். அசைந்தால் இறக்கி முதலிலிருந்து செய். கழற்றிய சக்கரங்களைப் படுக்கையாக வண்டிக்கு அடியில் தள்ளி வை. ஸ்டாண்ட் போனாலும் மூச்சுவிட இடம் மிஞ்சும்.

நீடாமங்கலம். தூக்குவதற்குப் பதில் குழி தோண்டி, மேலே வண்டியை நிறுத்தலாமா?

வேண்டாம். நம் பக்கத்தில் நிலத்தடி நீர் மேலே வரும் மாதங்களில் குழிச் சுவர் ஊறி நிற்கும். ஓரத்தில் வண்டியின் எடை ஏறினால் சரியும். பெட்ரோல் ஆவியும் எல்பிஜியும் காற்றைவிடக் கனமானவை, குழிக்குள்ளேயே தேங்கும். ஒரு தீப்பொறி போதும். குழி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கேஸ் கிட் உள்ள வேனில் முதல் வேலை சிலிண்டர் வால்வை மூடுவது. அடுத்தது பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுவது.

வேதாரண்யம். ஜாக்கி வைத்ததும் கதவுக்குக் கீழே உள்ள தகரம் உள்ளே போய்விட்டது.

உப்புக் காற்று தின்றுவிட்டது. ஜாக்கி வைக்க வேண்டிய இடம் முழுவதையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். மொத்தென்று சத்தம் வந்தால், செதில் உதிர்ந்தால், அங்கே எடை வைக்காதீர்கள். பின்பக்கத்தை, இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஆக்சில் குழாயில் தாங்கலாம். முன்பக்கம் அப்படி முடியாது. இன்ஜின் வேலைக்கு முன் வெல்டரைக் கூப்பிட்டுத் தகடு வைத்துச் சரிசெய்யுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பாபநாசம். இன்ஜினைத் தூக்க மாமரக் கிளையில் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) மாட்டலாமா?

மாமரக் கிளை முறியும். முருங்கை அதைவிட மோசம். கால்களைச் சங்கிலியால் பிணைத்த இரும்பு முக்காலி வாடகைக்குக் கிடைக்கும். அதிலும் இன்ஜினை மட்டும் தொங்கவிடுங்கள், வண்டியை அல்ல.

ஆர்.சி. புத்தகத்தில் என்ன செய்ய வேண்டும்?

ஆர்.சி.யில் இன்ஜின் எண் இருக்கிறது. மாற்றும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, பில்லோடு புது எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள். இன்சூரன்ஸுக்கும் தெரிவியுங்கள்.

மயிலாடுதுறை. பழைய இன்ஜினை இறக்கியாயிற்று. புதியது திருச்சியிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கலாமா?

சிமென்ட் தரையாக இருந்தால் நிற்கலாம். மண் தரையாக இருந்து மழையும் வரும்போல் இருந்தால் இன்றே சக்கரத்தை மாட்டி இறக்கிவிடுங்கள். எங்கே நின்றாலும் சுற்றிக் கயிறு கட்டுங்கள், பிள்ளைகள் பந்து எடுக்க அடியில் நுழைவார்கள். இறக்கிய வண்டிக்கு நாலு சக்கரத்திலும் கட்டை வையுங்கள். இன்ஜின் இல்லாததால் முன்பக்க எடை குறைந்திருக்கும். மறுபடி தூக்கும்போது ஸ்டாண்டுகளைப் பழைய இடத்திலேயே வைத்தாலும் தள்ளிப் பார்க்கும் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். புது இன்ஜின் ஏறியதும் எடை திரும்ப மாறும், அப்போதும் ஒரு முறை.